முழுப் பேர் கேட்ட என்ட்ரி அண்ணன்

நாட்டில் குற்றங்கள் குறைந்துவிட்டன என்று எப்போதாவது அறிவிப்பு வந்தால், அந்த மாதம் என்ட்ரி அண்ணனுக்குக் காய்ச்சல் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தீவில் நடக்கும் களவுகளில் பாதியைப் பொலிஸார் கண்டுபிடித்தார்களோ இல்லையோ, பாதியை அவர் ஒருவரே போய்ச் சொல்லியிருப்பார்.

பொலிஸில் முறைப்பாடு பதிவதை மலையகத்தில் 'என்ட்ரி போடுறது' என்போம். மற்றவர்கள் ஆயுளில் ஒரு தடவை போடுவார்கள், அதுவும் அடையாள அட்டை தொலைந்தால். இவர் வாரத்துக்கு ஒன்று போட்டார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவது அவருடைய தொழில். மதியத்தோடு வேலை முடிந்துவிடும். கவ்வாத்துக் கத்தியைத் தொழிலாளர் லயத்தில் தன் அறையான காம்பிராவில் வைத்துவிட்டு, முறைப்பாட்டு இலக்கங்கள் எழுதிய துண்டுகள் நிறைந்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கிவிடுவார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தோட்டத்தில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

நான் அப்போது ஹட்டன் பகுதி நிருபர். செய்தி சேகரிக்க வாரம் ஒரு நாள் அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போவேன். முதல் தடவை அவரைப் பார்த்தபோது, மேசையின் மேல் ஒரு செருப்பு இருந்தது.

"ஒத்த செருப்பு எவன் ஐயா எடுக்கிறது?" என்று சார்ஜன்ட் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். கோயில் வாசலில் காணாமல் போனது வலது செருப்பு மட்டும்.

"அதத்தானே சார் நீங்க கண்டுபிடிக்கணும்?"

"அப்ப இது என்னாத்துக்கு மேசையில?"

"இது இடது சார். பக்கத்துலயே இருந்துச்சு. சாட்சி."

சார்ஜன்ட் நல்ல மனிதர். சாட்சியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு எழுதினார்.

இன்னொரு நாள் நிலையமே எழுந்து நின்றது. அன்று தமிழ் சரளமாகத் தெரிந்த யாரும் இல்லை. என்ட்ரி அண்ணன் தன் சிங்களத்தை நம்பி, வாசலிலிருந்தே "கொட்டியா ஆவா" என்றார். புலி வந்தது என்று பொருள். எங்கள் பக்கத்தில் சிறுத்தைக்கும் புலி என்றுதான் பெயர். ஆனால் இந்த நாட்டில் ஒரு பொலிஸ் நிலையத்தில் அந்தச் சொல்லை அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. தட்டச்சு நின்றது. தேநீர்க் கோப்பைகள் மேசைக்குத் திரும்பின. நான் மொழிபெயர்க்க அழைக்கப்பட்டேன்.

"எத்தனை பேர்?"

"ஒண்ணுதான் தம்பி."

"கையில் என்ன இருந்தது?"

"கையில ஒண்ணும் இல்ல. வாயிலதான். நம்ம நாயி."

சார்ஜன்ட் நாற்காலியில் உட்கார்ந்து, வனவிலங்குத் திணைக்களத்துக்குப் போகச் சொன்னார். என்ட்ரி அண்ணன் அசையவில்லை. "வனவிலங்கு புலியத்தான் பாக்கும். நாய் யாரு பொறுப்பு?" அந்த இலக்கமும் கோப்பில் ஏறியது.

தோட்டத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கோழி காணாமல் போனால், "என்ட்ரி அண்ணே, சாவலு கூவல, போய்ப் போட்டுட்டு வாங்க" என்று கொழுந்து எடுக்கும் மலையிலிருந்தே கத்துவார்கள். அவர் கோபப்பட்டதில்லை. "சொல்லாத களவு நடக்காத களவு" என்று மட்டும் பதில் கொடுப்பார்.

சிரிப்பு நின்றது புஷ்பத்தின் சங்கிலி போன பிறகுதான்.

புஷ்பம் அவருடைய பக்கத்துக் காம்பிராக்காரி, கொழுந்து எடுப்பவர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு ஏறும் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் கல்மலை, மறுபக்கம் சவுக்கு மரங்கள். ஆறு மணிக்கு மேல் மூடுபனி வந்தால் எதிரே வருபவர் ஆளா மரமா என்று தெரியாது. அங்கே ஒருவன் அவர் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். அதற்கு முன் அதே இடத்தில் இன்னும் இரண்டு பெண்களுக்கு அது நடந்திருந்தது. மூவருமே தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னார்கள். பொலிஸுக்கு யாரும் போகவில்லை.

புஷ்பத்துக்குச் சங்கிலியை விடப் பெரிய கவலை இருந்தது. மகள் சுதா ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடை மூடி, பஸ் பிடித்து, அந்த வளைவில்தான் அவள் ஏறி வர வேண்டும். "மாசக் கடைசியோட நின்னுரு" என்று புஷ்பம் சொல்லிவிட்டார். சுதா சாப்பிடாமல் இருந்தாள்.

வளைவில் ஒரு விளக்குக் கேட்டு மாதர் சங்கத்துப் பெண்கள் பிரதேச சபைக்கு எழுதினார்கள். சபை பொலிஸிடம் கேட்டது. பொலிஸின் பதில் ஒரே வரி: மேற்படி தோட்டத்தில் குற்றச்செயல்கள் எவையும் பதிவாகவில்லை.

என்ட்ரி அண்ணன் கோப்போடு என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, ஒண்ணும் இல்லேங்கிறாங்களே. அப்ப இதெல்லாம் என்ன?"

நான் போய் விசாரித்தேன். சார்ஜன்ட் இரண்டு புத்தகங்களைக் காட்டினார். ஒன்று பாரிய குற்றங்களுக்கு; மாத அட்டவணை அதிலிருந்துதான் போகும். மற்றது சிறு முறைப்பாட்டுப் புத்தகம். செருப்பு, வாளி, சேவல், நாய் எல்லாம் இரண்டாவதில் பத்திரமாக இருந்தன. எங்கும் போகவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. சிறியதை ஒருவர் சொன்னார், அது எண்ணப்படவில்லை. பெரியதை ஒருவரும் சொல்லவில்லை.

நான் விளக்கி முடித்ததும் அவர் முகம் மாறியது.

"அப்ப நம்ம களவுக்கெல்லாம் அரைப் பேரா?"

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலை பதிவானால் அது 'ஒரு பேர்'. நாள் முழுவதும் மழையில் நின்று கொழுந்து எடுத்தாலும், தராசில் எடை குறைந்தால் 'அரைப் பேர்'. மலையகத்தில் ஒரு பெண் அட்டை கடித்தாலும் பொறுப்பாள், துரை திட்டினாலும் பொறுப்பாள். அரைப் பேர் போட்டால் மட்டும் பொறுக்க மாட்டாள்.

மறுநாள் காலை, எல்லோரும் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில், என்ட்ரி அண்ணன் ஒரு கல்லின் மேல் ஏறினார்.

"நம்ம தோட்டத்துக்குப் பொலிஸ்ல அரைப் பேரு போட்டுட்டாங்க!"

"எவன் போட்டது?" என்று கூடையை இறக்கினார் புஷ்பம்.

"நீதான் போட்டே. சங்கிலி போச்சு, போய்ச் சொன்னியா?"

"போனா ஒரு நாள் பேரு போகும்ணே. சிங்களத்துல கேப்பாங்க. சங்கிலியும் வராது."

"சங்கிலி வராது, சரி. வெளக்கு வர வேணாமா? சுதா புள்ள வீட்டுக்கு வர வேணாமா?"

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஞாயித்துக்கெழம பேரு போகாதுல்ல?"

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேருக்கு மேல் மலை இறங்கினார்கள். தலைவர் வெள்ளை வேட்டியில் முன்னால் வந்தார். கூட்டத்தைப் பார்த்த சார்ஜன்ட் வாசலுக்கு ஓடி வந்தார்.

"அய்யோ, ஸ்ட்ரைக்கா?"

"இல்ல சார்," என்றார் என்ட்ரி அண்ணன், ஆசீர்வாதம் செய்வதுபோல. "என்ட்ரி."

அன்று அவர் வாழ்க்கையின் உச்சம். இரண்டு வரிசை பிரித்தார். "சில்லற அந்தப் பக்கம், முழுசு இந்தப் பக்கம்!" பேனாவில் மை தீர்ந்தது; அவர் பையில் நான்கு இருந்தன. ஒரு கிழவி, மருமகன் கொண்டுபோன ரேடியோவைச் சொல்ல வந்திருந்தார். "அது எப்ப போச்சு ஆயா?" "கலியாணத்துக்கு மறுநாளு." அந்த மருமகனுக்கே இதற்குள் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கிழவி சில்லறை வரிசைக்கு அனுப்பப்பட்டார்.

புஷ்பத்தின் முறை வந்தது. தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் ஒருவர் அன்று கடமையில் இருந்தார். சங்கிலி எத்தனை பவுன் என்று கேட்டார்.

"மூணு."

"புஷ்பம்," என்றார் பின்னால் நின்ற என்ட்ரி அண்ணன்.

"ரெண்டரை."

"புஷ்பம்! நாம கூட்டிச் சொன்னா அவுங்க கொறச்சுத்தான் எழுதுவாங்க. அப்புறம் எது நெசம்?"

"ஒண்ணே முக்கா," என்று புஷ்பம் தரையைப் பார்த்துச் சொன்னார். "கொக்கி வேற லூசு."

அடுத்த மாத அட்டவணையில் அந்தத் தோட்டம் மாவட்டத்தையே திகைக்க வைத்தது. 'தோட்டப் பகுதியில் குற்றங்கள் திடீர் அதிகரிப்பு' என்று என் பத்திரிகை தலைப்புப் போட்டது. செய்தியை அனுப்பியவன் நான். அந்த மாதம் அங்கே ஒரு களவுகூட நடக்கவில்லை என்ற வரியையும் அனுப்பியிருந்தேன். இடம் போதாமல் அதை வெட்டிவிட்டார்கள். தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்குக் கோபம். தலைவருக்கு வெட்கம். என்ட்ரி அண்ணன் மட்டும் அந்தச் செய்தியை வெட்டி லெமினேட் செய்து, காம்பிராச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

சங்கிலி கிடைக்கவில்லை. விளக்கு வந்தது. புஷ்பம் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. மாதக் கடைசி வந்தது, போனது, சுதா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கடைசியாக நான் அந்தப் பக்கம் போனது ஒரு மாலை நேரம். வளைவில், விளக்குக் கம்பத்தின் அடியில், தலையில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு என்ட்ரி அண்ணன் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"இங்க என்ன பண்றீங்கண்ணே?"

"பல்பு இருக்கான்னு பாக்க வந்தேன் தம்பி. நம்ம ஆளுங்கள நம்ப முடியாது, கழட்டிட்டுப் போயிருவானுங்க."

அண்ணாந்து பார்த்தேன். பல்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பாதையின் கீழ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் வருவாராம். பஸ் வந்து நின்று, சுதா இறங்கி, அந்த வெளிச்சத்தைக் கடந்து லயத்துக்குள் நுழைந்த பிறகுதான், பல்பு பத்திரமாக இருப்பது அவருக்கு உறுதியாகும்.