நேராகிப்போன பாக்கெட்

நாற்பத்தேழு வயதில்தான் எனக்கு முதன்முதலாகக் கவனம் வந்தது. வந்த அன்றே நாலாயிரம் டீ-சர்ட்டைக் கவிழ்க்கப் பார்த்தது.

டாக்டரிடம் மகளைத்தான் கூட்டிப்போனோம், வகுப்பில் உட்காரமாட்டேன் என்கிறாள் என்று. அவர் அவளிடம் பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில் நான் அவருடைய பேனாவைக் கழற்றி, ஸ்பிரிங்கைப் பறக்கவிட்டு, மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். (கிடைக்கவில்லை.) டாக்டர் குனிந்து பார்த்தார்.

"உங்களையும் ஒருக்கா பாத்தரலாமுங்களா?"

பார்த்தார். அப்பனுக்கும் மகளுக்கும் ஏடிஹெச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு. எனக்கும் காலையில் ஒரு மாத்திரை.

"இது கவனத்தக் குடுக்குமுங்க. அத எதுல வெக்கறதுன்னு நீங்கதான் பாத்துக்கோணும்" என்றார். இரண்டாவது வாக்கியம் வந்தபோது நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் மாத்திரை போட்ட அன்று பெருமாநல்லூரில் எங்கள் பனியன் யூனிட்டில் இன்ஸ்பெக்ஷன். சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒப்புக்கொண்டு சீல் கட்டிக்கொடுத்த சாம்பிள் ஒன்று இருக்கும். அது எப்படியோ அப்படியே மொத்தச் சரக்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சரக்கும் போகாது, பையரும் நிற்கமாட்டார். எங்களுக்கு இருப்பதே அந்த ஒரு பையர்.

புரொடக்ஷன் முழுக்க என் மனைவி சுமதி. "ஏனுங்க, இன்ஸ்பெக்டரு வர்ற வரைக்கும் சாம்பிளப் பாத்துக்கிட்டு உக்காந்திருங்க, போதும்" என்றாள்.

பார்த்தேன். என்ன ஒரு பார்வை! ஒவ்வொரு தையலும் என்னிடம் வந்து தனித்தனியாக வணக்கம் சொன்னது. பாக்கெட் மட்டும் இடப்பக்கம் கால் இஞ்ச் சாய்ந்திருந்தது. பிரித்தேன். ஸ்கேல் வைத்தேன். நானே மிஷினில் உட்கார்ந்து நேராகத் தைத்தேன். சீலைத் தொடவே இல்லை. (அவ்வளவு பொறுப்பு!)

இன்ஸ்பெக்டர் வந்து நாலு பெட்டியைப் பிரித்தார். முகம் சுருங்கியது.

"சாம்பிள்ல பாக்கெட் நேரா இருக்குதுங்க. சரக்கு பூராச் சாஞ்சிருக்குதே?"

சுமதி சாம்பிளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கோணலா இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்றேன் பெருமையாக.

"அய்யோ, அது பையரோட டிசைனுங்க!"

பையரிடம் இதற்கு ஜோடி சாம்பிள் ஒன்று உண்டு. வீடியோ காலில் கெஞ்சினோம். வெளிநாட்டு அம்மணி எடுத்துக் காட்டிய சட்டையில் பாக்கெட் ஜம்மென்று சாய்ந்திருந்தது. 'ஏன் மாற்றினீர்கள்?' என்று என்னைக் கேட்டார். எனக்கு இருந்த கொஞ்ச இங்கிலீஷும் எங்கோ போய்விட்டது. சுமதி குறுக்கே புகுந்தாள்.

"டுடே ஃபர்ஸ்ட் டேப்லெட், மேடம்."

என்ன புரிந்துகொண்டாரோ, விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சரக்கை அனுப்பச் சொன்னார்.

மாத்திரையை இன்றும் போடுகிறேன். நல்ல மாத்திரைதான். போட்டதும் சுமதி எதிரில் எதைக் கொண்டுவந்து வைக்கிறாளோ அதுதான் அன்றைய வேலை. ஆனால் வீட்டில் எதையும் குறை சொல்லும் உரிமை போய்விட்டது. தோசை இலங்கை மாதிரி வந்தாலும், "அப்ரூவ் ஆன சாம்பிளுங்க, கை வெக்காதீங்க." மகள் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கி வந்தாலும், "அப்ரூவ் ஆனதுப்பா."

போன வாரம் கண்ணாடி முன்னால் நின்றேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பதுபோல் தெரிந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். பின்னால் போன சுமதி நிற்கக்கூட இல்லை.

"விடுங்க. அந்தக் கோணலப் பாத்துட்டுத்தானுங்க எங்கப்பா சீல் வெச்சாரு."