கரவெட்டி ஜீப்பின் நெற்றிச்சூடு

பழைய வாகனம் வாங்கப் போகிறவனுக்குப் புத்தி சொல்ல எங்கள் ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாதவர்கள்கூட எஞ்சினைப் பற்றி அரை மணித்தியாலம் கதைப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான். கொக்குவிலில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வருகிறவரின் முகத்தைப் பார்த்தே என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவேன் என்றொரு நினைப்பு எனக்கு உண்டு. (என் மனைவிக்கு அந்த நினைப்பு இல்லை.)

மனைவி வசந்தி ஆசிரியை. வடமராட்சி கிழக்கில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்திருந்தது. இரண்டு பஸ் மாறிப் போவதைப் பற்றி அவள் முறைப்பட்டதில்லை. மாரி வந்தால்தான் தொல்லை. வெள்ளம் றோட்டை மூடிவிடும், பஸ் பாதியில் நின்றுவிடும். போன மாரியில் ஒருநாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தவள், வழுக்கி விழுந்து, சேறும் கண்ணீருமாக வீட்டுக்கு வந்தாள்.

“அடுத்த மாரிக்கு முதல் உயரமான வாகனம் ஒண்டு வேணும். இல்லாட்டி நான் வேலையை விடுறன்” என்றாள்.

படிப்பிப்பது என்றால் அவளுக்கு உயிர். அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததும் நான் பயந்துபோனேன்.

எங்கள் பக்கத்தில் உயரமாக, தடித்த ரயரோடு நிற்கிற எந்த வாகனமும் ஜீப்தான். புதிது வாங்க எங்களுக்கு வழியில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முந்திப் பிறந்தவற்றைத்தான் பார்க்கலாம். கரவெட்டியில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் அப்படியொன்றை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டோம். எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றுதான் சொல்வார்கள்.

புறப்பட முதல், வான் ஓடுகிற என் நண்பன் நேசனிடம் யோசனை கேட்டேன்.

“மச்சான், டீசல் எஞ்சினைக் குளிர்ந்து கிடக்கேக்கை ஸ்ராட் பண்ணிப் பார். சூடேறினாப் பிறகு எல்லா எஞ்சினும் நல்லபிள்ளைதான். முதல் எஞ்சின் மூடியிலை, பொனற்றிலை, கையை வைச்சுப் பார். சுட்டால் விக்கிறவன் எதையோ மறைக்கிறான்.”

எனக்கு இது உடனே விளங்கியது. காய்ச்சல் குளிசையைப் போட்டுவிட்டு வந்து, “எனக்குக் காய்ச்சல் இல்லை” என்று சொல்கிறவர்களை நாள்தோறும் பார்க்கிறவன் நான்.

முதல்முறை வசந்தியும் நானும் போனோம். கரவெட்டிக்குப் பக்கத்து நெல்லியடியில் பஸ்ஸால் இறங்கினால், மாஸ்ரர் அந்த ஜீப்பையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்!

“வெய்யிலுக்குள்ளை நடக்கப்போறியளோ? ஏறுங்கோ, தம்பி.”

மரியாதைக்கு ஏறினோம். ஜீப் பூனை மாதிரி ஓடியது. வீட்டில் தேத்தண்ணி, வாழைப்பழம், போகும்போது ஒரு பை மாங்காய். நான் பொனற்றில் கையை வைத்தேன். தோசைக்கல்.

“நல்லாத்தானே ஓடுது” என்றாள் வசந்தி திரும்பும் வழியில்.

“சூடாயிருக்குது” என்றேன் நான், மேதாவி போல.

இரண்டாம்முறை, ஒன்பது மணிக்கு மோட்டார்சைக்கிளில் நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். மாஸ்ரர் ஜீப்பைக் கழுவித் துடைத்து, இயங்குநிலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “நீங்கள் வந்து காத்துக்கொண்டு நிக்கக்கூடாதெண்டு ஸ்ராட் பண்ணி வைச்சனான்.” இவ்வளவு நல்ல மனிதர் ஒருவர் இருக்கமுடியாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். இந்த எஞ்சின் குளிரில் ஏதோ கூத்துக் காட்டுகிறது, மனிதர் அதை மறைக்கிறார்.

மூன்றாம்முறை சொல்லாமல் போவது என்று தீர்மானித்தேன்.

விடிவதற்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தேன். வாசல் கேற் சும்மா கொளுவியிருந்தது. பொனற்றைத் தொட்டுப் பார்ப்பது, குளிராக இருந்தால் கதவைத் தட்டி மாஸ்ரரை எழுப்புவது. இவ்வளவுதான் திட்டம். நாய் குரைக்கவில்லை. என்னை அது அந்த வீட்டு மருமகன் என்று நினைத்துவிட்டது போலும், வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வந்தது.

கையை வைத்தேன். நல்ல சூடு!

ஊர் எழும்ப முன்னே எஞ்சினைச் சூடேற்றி வைக்கிற மனிதர்! எனக்கு ஆத்திரம் வந்தது. ஒயில் ஒழுக்கும் இருக்கும், அதையும் கையோடு பிடிப்போம் என்று, கைத்தொலைபேசி வெளிச்சத்தோடு மல்லாக்கப் படுத்து ஜீப்புக்குக் கீழே ஊர்ந்தேன். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே. நாய் அன்பு மிகுதியால், செருப்புக் கழன்ற என் உள்ளங்காலை நக்கியது. எனக்குக் கூச்சம் அதிகம். வீரிட்டுக் கத்திவிட்டேன். உடனே வெளியே தெருவிலிருந்து ஒரு குரல் எழும்பியது:

“கள்ளன்! பற்றறிக் கள்ளன்!”

அந்தப் பகுதியில் கொஞ்ச நாளாக வாகனங்களிலிருந்து பற்றறி களவு போய்க்கொண்டிருந்ததாம். இரண்டு பெடியன்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். நான் வெளியே வந்தேன், சேர்ட் கழுத்தடியில் நின்றுவிட்டது. விடிகாலைக் கரவெட்டி என் தொப்பையைத்தான் முதலில் பார்த்தது. கோயிலுக்குப் பூ ஆய வந்தவர்கள், பால்காரர் என்று ஒழுங்கையே கூடிவிட்டது.

மாஸ்ரர் சாரத்தை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். “விடுங்கோடா! உவர் ஜீப் வாங்க வந்த தம்பி!”

பிடித்த பிடி தளர்ந்தது. தப்பினேன் என்று நினைத்தேன். ஆனால் எல்லோர் முகமும் முன்னையைவிடக் கறுத்தது.

“ஜீப்பை விக்கப்போறியளோ, மாஸ்ரர்?” என்று கேட்டார் முன்னுக்கு நின்ற புஸ்பமக்கா. அடுத்த வளவுக்காரி. மாஸ்ரர் சாரத்தை இன்னொருமுறை இறுக்கிக் கட்டினார். அக்கா என் பக்கம் திரும்பினார். “கள்ளன் எண்டாலும் பற்றறியோடை போயிருப்பான். உவர் முழு ஜீப்பையுமெல்லோ கொண்டுபோக வந்திருக்கிறார்!”

அந்தச் சூட்டின் கதை பிறகுதான் தெரிந்தது. புஸ்பமக்காவின் மகளுக்கு இரவு பிரசவ வலி. அந்த ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண்குழந்தை. புஸ்பமக்காவை ஏற்றிக்கொண்டு ஜீப் திரும்பி வந்து நின்று கொஞ்ச நேரம்தான்.

“பாம்பு கடிச்சாலும் உதுதான், பிள்ளைப்பேறு எண்டாலும் உதுதான்” என்றான் என் வலதுகாலை இழுத்தவன். அவன் பெயர் ரகு.

“எனக்குக் கண்ணிலை வெள்ளை படருது. விக்கச் சொல்லிக் கனடாவிலையிருந்து மகன் ஒரே ஆக்கினை” என்றார் மாஸ்ரர்.

“இரவிலை நான்தானே ஓடுறன்!” என்றான் ரகு.

நான் ஏன் கீழே கிடந்தேன் என்று கேட்டார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாக உண்மையைச் சொன்னேன். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

“கேட்டிருக்கலாமே, தம்பி. இருங்கோ, ஆறட்டும். பாத்திட்டே போங்கோ” என்று மாஸ்ரர் கதிரை போட்டார்.

உச்சிவெயில் வரும்வரைக்கும் அந்தக் கதிரையில் இருந்தேன். ஒழுங்கையால் போனவர்கள் எல்லோரும் உள்ளே வந்து பொனற்றைத் தொட்டுப் பார்த்து, “இன்னும் சுடுது” என்று எனக்கு அறிவித்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டார்கள். புஸ்பமக்கா புட்டும் சம்பலும் கொண்டுவந்து தந்தார். தந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “பழுது எண்டு சொல்லுங்கோ, தம்பி” என்றார்.

ஒருவழியாக ஆறியது. மாஸ்ரர் ஏறியிருந்து, திறப்பைப் போட்டுத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்தது. ஒரு சொட்டு வெள்ளைப் புகை வந்தது, உடனே தெளிந்தது. நான் தேடித்திரிந்த எஞ்சின் அதுதான். வசந்தி தண்ணீருக்குள் சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்தது என் கண்ணுக்கு முன் வந்தது. புஸ்பமக்கா கையைப் பிசைந்துகொண்டு என்னையே பார்த்தார்.

“புகை கொஞ்சம் கூட, மாஸ்ரர்” என்றேன்.

“எந்தப் புகை?” என்றார் அவர் திகைத்துப்போய். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்தச் சனத்துக்கு நல்லது செய்திட்டியள். எனக்கு?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவசரப்பட்டு மானிப்பாயில் வேறொரு ஜீப் வாங்கினேன். குளிரில் ஸ்ராட் பண்ணிப் பார்த்தேன், திறமாகப் பிடித்தது. மாரியின் முதல் வெள்ளத்தில் வசந்தியோடு நடு றோட்டில் படுத்துவிட்டது.

அவள் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. (எனக்கு எடுத்தால் நான் போய் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேனாம்.) மாஸ்ரருக்கு எடுத்திருக்கிறாள். பின்னேரம்தான் எனக்கு அழைப்பு வந்தது.

“இஞ்சாருங்கோ, நான் கரவெட்டியிலை நிக்கிறன். நீங்கள் புகையெண்டு கழிச்சதுதான் எங்கடை ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.”

பின்னால் ஒழுங்கையே சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மாஸ்ரர் தொலைபேசியை வாங்கினார். “தம்பி, அண்டைக்கு நீங்கள் சொன்னதை மகனுக்கு அப்பிடியே சொல்லிப்போட்டன். மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் வந்து பாத்து, விக்கேலாது எண்டிட்டார் எண்டு. இப்ப அவன் விக்கச் சொல்லிக் கேக்கிறேல்லை.”

மானிப்பாய் ஜீப்பை விற்றுவிட்டோம். வசந்தி வேலையை விடவில்லை. வெள்ள நாட்களில் நெல்லியடி வரைக்கும் பஸ்ஸில் போவாள். அங்கிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ரகு அந்த ஜீப்பில் கொண்டுபோய் விடுவான். வீட்டில் எனக்கு உடம்பு சரியில்லையென்றால் நெற்றியைத் தொட்டுவிட்டு, “ஆறட்டும், பிறகு ஸ்ராட் பண்ணிப் பாப்பம்” என்பாள்.

அன்றிரவு பிறந்த புஸ்பமக்காவின் பேத்தி இப்போது நன்றாகக் கதைக்கிறாள். கரவெட்டியில் எந்த நல்லநாள் என்றாலும் எங்களுக்கு அழைப்பு வரும். நான் அவர்கள் வீட்டுக் கேற்றைத் திறந்தால் போதும், அவள் தன் பிளாஸ்ரிக் ஜீப்பைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்துவாள்:

“அம்மம்மா, கள்ள மாமா வந்திட்டார்!”