கவரிங் அக்காவின் பால்பவுடர் டப்பா

தேனி முதல் கம்பம் வரை உள்ள நகைக்கடைகள் அத்தனைக்கும் ஒற்றை ஆளாக எதிரியாக நின்றவர், சின்னமனூரில் எங்கள் எதிர்வீட்டுக் கவரிங் அக்கா. ஜாக்கெட் தைத்துப் பிழைத்தார். வீட்டில் குண்டுமணித் தங்கம்கூடக் கிடையாது. அதை மறைக்கிற வழக்கமும் கிடையாது.

வெளியே போய் வந்தால் செருப்புக்கு முன்னால் நகையைக் கழற்றுவார். வேர்வையைப் பருத்தித் துணியால் ஒற்றி, பஞ்சு சுற்றி, பால்பவுடர் டப்பாவில் வைப்பார். அழுக்கேறினால் பூந்திக்கொட்டை நுரையும் பழைய பல் பிரஷ்ஷும். நிழலில் உலர்ந்ததும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. விசேஷங்களுக்கு டப்பாவும் கூடவே வரும்.

ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது ஆரத்தைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"சபையில தங்கத்தக் கழட்டலாமா ஆத்தா?" என்று பதறினார் பக்கத்திலிருந்தவர்.

"தங்கமுன்னு யாரு சொன்னா? கவரிங்கு!" மேளத்தையும் மீறிக் கேட்டது.

வீரபாண்டித் திருவிழாவில், நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி ஒலிபெருக்கி கத்தியதும் பெண்களெல்லாம் கழுத்தைப் பொத்தினார்கள். அக்கா கையை வீசி நடந்தார். "பாத்தீகளா, நான் ஒருத்திதேன் சாமி கும்பிட வந்திருக்கேன். மத்தவுக காவலுக்கு வந்திருக்காக."

2008, மின்வெட்டுக் காலம். அக்காவின் மகளைப் பெண் பார்க்கப் போடியிலிருந்து வந்தார்கள். மகளுக்கு ஏற்கெனவே பிடித்துப்போன மாப்பிள்ளை. துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்காவின் தம்பி காலையிலேயே கெஞ்சினார்.

"இன்னைக்கு மட்டும் கவரிங்குன்னு வாயத் தொறந்துறாதக்கா. ஒம் மக ஆசப்பட்ட எடம்."

மகள் முகத்தைப் பார்த்து அக்கா தலையாட்டினார்.

காபி வந்தது, கரண்ட் போனது. அக்காவின் கழுத்தில் வேர்வை இறங்கியது. வாய் திறக்கவில்லை, வாக்கைக் காப்பாற்றினார். கை மட்டும் தானாக ஆரத்தைக் கழற்றித் துடைத்தது, டப்பாவைத் திறந்தது, மகள் பக்கமும் நீண்டது. அவளும் பழக்கதோஷத்தில் நெக்லஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

"அது என்ன டப்பா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அக்கா நிமிர்ந்தார். "கவரிங் டப்பா. எம் மக போட்டதும் கவரிங்குதேன். நாங்க ஒழச்சு வாங்குனது. பொண்ணு வேணுமுன்னா உக்காருங்க. தங்கம் வேணுமுன்னா கடைத்தெரு அங்கன இருக்கு."

மகள் தலை குனிந்தாள். யாரும் எழவில்லை. அக்காதான் மாப்பிள்ளையின் அம்மாவைக் கூர்ந்து பார்த்தார்.

"மதனி, ஒங்க கழுத்து ஏன் பச்சை பூத்திருக்கு? வேர்வையோட விட்டா அப்பிடித்தேன் ஆகும்."

அந்தம்மாவின் கை முந்தானைக்குப் போனது. பாதியில் நின்றது. பிறகு, கணவர் பக்கம் திரும்பாமலே சங்கிலியைக் கழற்றி நீட்டினார்.

"டப்பாவுல எடமிருக்கா மதனி?"

ஆவணியில் கல்யாணம் நடந்தது.

இப்போதும் ஏதாவது மண்டபத்தில் கரண்ட் போனால் எல்லோரும் விசிறியைத் தேடுகிறார்கள். என் கண் மட்டும் அந்த டப்பாவைத் தேடுகிறது.