நான் ஆகாதென்ற வளையம்

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் மானத்தைத் தவிர. அங்கே நீங்கள் முழுசாக இருப்பதால்தான் இந்தக் கடிதம். போனில் நன்றி சொல்ல எனக்கு வாய் வராது.

போன வாரம் எங்கள் பட்டறையில் உங்கள் டிரெய்லரைச் சோதித்தபோது, சரக்கைச் சங்கிலியால் கட்டுகிற வளையங்களில் இடது பின்வளையம் ஆகாது என்று பக்கத்துச் சட்டத்தில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டேன். "இதைவிடத் தடியான வளையம் எங்க கிடைக்கும் மச்சான்?" என்றீர்கள். வளையத்துல யானையையே கட்டலாம் அத்தான், ஆனா அதைப் பற்றவைச்சிருக்கிற தகடு வெறும் அட்டை, ஓரத்துல பெயிண்ட் வெடிச்சு துரு கசியுது, பிரேக் அடிச்சா தகட்டோட பிய்ச்சுக்கிட்டு வரும் என்று நான் கத்த, நீங்கள் காதைக் குடைந்தபடி வண்டியை எடுத்துப் போனீர்கள்.

போனவர் அதே வளையத்தில் சங்கிலியை மாட்டி, பாய்லரை ஏற்றி, மேட்டிலிருந்து இறங்கி, சந்திலிருந்து ரிவர்ஸில் வந்த பஸ்ஸுக்காகப் பிரேக்கை மிதித்திருக்கிறீர்கள். வலது பின்சங்கிலி அறுந்து, மொத்தப் பாரமும் நான் ஆகாதென்ற வளையத்தின் மேல் விழுந்திருக்கிறது. என் கணக்குப்படி பாய்லர் கேபினுக்குள் வந்திருக்க வேண்டும். கேபினுக்குள் நீங்கள் இருந்தீர்கள். அதற்கு மேல் அந்தக் கணக்கை என்னால் போட முடியவில்லை.

நேற்று போனில் இவ்வளவையும் சொல்லி, "உன் வளையம் தாங்கிடுச்சு மச்சான்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டது என் தப்பு. "என்ன சார், உங்க பெருக்கல் குறி பாய்லரையே நிறுத்திடுச்சாமே! எல்லா வளையத்துக்கும் ஒண்ணு போட்டு விடுங்க" என்கிறார் எங்கள் பட்டறை வெல்டர். எனக்கு வளையம் பார்க்கத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் தப்பாகச் சொன்னதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. அந்த வளையத்துக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு அன்பு, குட்டிக்கு முத்தம். நீங்களும் உங்கள் பிரேக்கும் நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன மச்சான்

பி.கு.: கவரை ஒட்டும்போது அக்கா கூப்பிட்டாள். "நீ சொன்ன அன்னைக்கே உங்க அத்தான் வளையத்தை அறுத்தெடுத்து, அடியில தடித் தகடு வச்சுப் புதுசா வெல்டிங் பண்ணிட்டாருடா. 'அவன் சும்மா சொல்ல மாட்டான்'னாரு." குறியை மட்டும் அப்படியே விட்டிருக்கிறீர்களாம். ஏன் என்று கேட்டேன். "போட்டவன்தான் அழிக்கணுமாம். வேற யாரும் கை வைக்கக் கூடாதாம்."

ஆகவே மேலே எழுதியதெல்லாம் வாபஸ். நான் சொன்னது சரி. வெல்டரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். நன்றி மட்டும் இருக்கட்டும், அது இப்போது கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சுத்தியலோடு. புது வெல்டிங்கைத் தட்டிப் பார்க்காமல் குறியை அழிக்க மாட்டேன். அதுவரை அந்த வளையத்தில் துணிகூடக் காயப்போடாதீர்கள்.