அதிகாலை விசாரணை

குழந்தைகளின் நலன் கருதி, குடும்ப நீதிமன்றத்தில் முற்கட்ட விசாரணைகளைச் செம்மைப்படுத்த அரசு திருவுளம் கொண்டது. ஆணை ஆங்கிலத்தில் புறப்பட்டது. வழியில் யாரோ அதைத் தமிழாக்கினார்கள். அம்பத்தூர்ப் பக்கத்து நீதிமன்றம் ஒன்றுக்கு அது வந்து சேர்ந்தபோது, அதிலிருந்த "ஏர்லி ஹியரிங்" என்பது முற்கட்ட விசாரணை ஆகாமல் "அதிகாலை விசாரணை" என்று ஆகியிருந்தது.

அண்ணனூர் ரூபஸுக்கு அழைப்பாணை வந்தது. காலை ஐந்து மணி. மனைவி மோகனப்பிரியா பிரிந்து கள்ளிக்குப்பம் போய் மூன்று மாதம். நாலு வயது ஆஷ்லியை அவன் பார்த்தும் மூன்று மாதம். வழக்கு முடியும்வரை பிள்ளை யாரிடம் இருப்பது என்று முடிவு செய்யத்தான் விசாரணை.

"இன்னா சார், அஞ்சு மணிக்கா? கேஸ் போட்டதும் சீக்கிரமா விசாரிங்கன்னுதானே சொல்லிகீறாங்க?" என்று தலைமை எழுத்தர் ஏகாம்பரத்திடம் கேட்டான்.

"எனக்குத் தெரியாதா? ஆனா ஆணை தமிழ்ல வந்துடுச்சு. இங்கிலீஷ்ல யோசிக்க எனக்கு அதிகாரம் கெடையாது."

"திருத்தம் கேக்கலாமே."

"திருத்தப் பிரிவு பத்து மணிக்குத் தொறக்குது. நாங்க ஒம்போதுக்கே மூடிடுறோம்."

முதல் விசாரணை. ஆஷ்லி அம்மா தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஆலோசகர் பத்மா கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்: "பாப்பா, அம்மாகூட இருக்கியா, அப்பாகூட இருக்கியா?"

குறட்டை வந்தது.

"குழந்தை ஆழ்ந்து சிந்திக்கிறது, அவகாசம் அளிக்கப்படுகிறது" என்று பதிவானது. இரண்டாம் விசாரணையிலும் குழந்தை சிந்தித்தது.

மூன்றாம் முறை வாய்தா வாங்கி வெளியே வந்ததும் மோகனப்பிரியா நின்றாள். "தோள் விட்டுப்போச்சு. கொஞ்ச நேரம் நீ வச்சுக்கோ."

பல மாதங்களுக்குப் பிறகு மகளின் கனம் ரூபஸின் தோளில் இறங்கியது. எச்சில் சட்டையை நனைத்தது. அவன் அசையாமல் நின்றான். எதிர் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். அவளைப் பார்க்காமலே சொன்னான்: "சனி, ஞாயிறு எங்கிட்ட வுடு. மத்த நாள் நீ வச்சுக்க."

"எண்ணெய் வச்சுக் குளிப்பாட்டணும்."

"வச்சிர்றேன்."

டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்தது. ஏகாம்பரத்திடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "திட்டம் வெற்றி. இந்தப் படிவத்தைப் பூர்த்தி பண்ணுங்க."

'அதிகாலை விசாரணை பயனுள்ளதா?' என்றது படிவம். 'மிகச் சிறப்பு' என்றொரு கட்டம். 'இல்லை' என்றொரு கட்டம். அதன் கீழே, 'இல்லையெனில் காரணத்தை நூறு சொற்களுக்குக் குறையாமல் மூன்று பிரதிகளில் எழுதுக'. ரூபஸுக்கு எட்டு மணி ஷிப்ட். மோகனப்பிரியாவுக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங். வரிசையில் இருந்த மற்றவர்களுக்கும் ஏதோ ஒன்று இருந்தது. எல்லாரும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துவிட்டு ஓடினார்கள்.

அடுத்த மாதம், அவர்கள் உடன்பாட்டைப் பதிவு செய்ய அழைப்பாணை வந்தது. ரூபஸ் படித்துவிட்டு மோகனப்பிரியாவுக்குப் போன் செய்தான்.

"நோட்டீஸ் பாத்தியா? 'பொதுமக்களின் ஒருமித்த பாராட்டை ஏற்று, இனி விசாரணை காலை நான்கு மணிக்கே தொடங்கும்'னு போட்டுகீது."

"நீ எதுல டிக் போட்ட?"

"எல்லாரும் போட்டதுலதான். நீ?"

"அலாரம் மூணுக்கு வை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.