கம்பளம் கேட்டு சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சபர்பெக் அவர்களுக்கு, பிஷ்கெக்கிலிருந்து தோக்தோனாலி சலாம் சொல்லி எழுதுவது. அத்-பாஷியில் தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், எங்கள் மகள் சல்கினையும், அப்புறம் குதிரைகளும் ஆடுகளும் இந்தக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் என் வீட்டுக்காரி பூருல்சாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஃபோன் இருக்கும்போது இந்தக் கிழவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைக்கவேண்டாம். போன தடவை நான் ஃபோனில் கத்தியது உங்கள் காதுக்கு எட்டவில்லை, எங்கள் மாடிப்படி முழுக்க எட்டிவிட்டது. மறுநாள் மேல்வீட்டுக்காரர் என்னை நிறுத்தி, உங்கள் முட்டிவலி இப்போது தேவலையா என்று விசாரித்தார். அதனால்தான் எழுதி, வேன் டிரைவர் எசென் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் சின்னதுதான். எங்களுக்கு ஒரு கம்பளம் வேண்டும். கல்யாணத்தின்போது நீங்கள் கொடுத்த ஷிர்தக் மாதிரி ஆட்டுரோமத்தில் செய்தது, ஆனால் பூவேலையெல்லாம் வேண்டாம், தடியாக இருந்தால் போதும், சுவரில் அடிக்கத்தான். எங்கள் அடுக்குமாடியின் சுவர் உங்களுக்குத் தெரியும், பக்கத்து வீட்டில் தும்மினால் நாங்கள் ஆயுசு நூறு சொல்லவேண்டியிருக்கிறது. இலையுதிர்காலத்தில் அங்கே ரப்பியா என்றொரு அம்மாள் மகனோடும் மருமகளோடும் குடிவந்தார். மருமகள் பெயர் மீரிம். எங்களுக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை, விடிந்தது முதல் அந்தப் பெயர்தான் சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது. மீரிம், டீ ஆறிப்போச்சு. மீரிம், ரொட்டி கருகிப்போச்சு. மீரிம், உங்க வீட்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா. அந்தப் பெண்ணின் குரல் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

குடிவந்தவர்களுக்கு நாம் போடவேண்டிய விருந்தைப் போட்டுவிட்டால், உப்பைத் தின்றபிறகு கொஞ்சம் கூச்சம் வரும் என்று நினைத்து, ஆட்டுக்கறி போட்டு பெஷ்பர்மாக் செய்து கூப்பிட்டோம். வந்தார்கள். ரப்பியா அம்மாள் தேனாகப் பேசினார். "மீரிம் எனக்கு மருமக இல்லண்ணே, பெத்த மக மாதிரி" என்றார். பெற்ற மகள் மாதிரியானவள் வாசலோரம் கெட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாக டீ ஊற்றிக்கொண்டே இருந்தாள், அவள் வாயில் ஒரு துண்டு இறைச்சி போனதை நான் பார்க்கவில்லை. விருந்தால் கூச்சம் வரவில்லை, உரிமைதான் வந்தது. இப்போது அந்த அம்மாள் சுவர் வழியாகவே பூருல்சாவைக் கூப்பிட்டு, டிவியைப் பாட்டு சேனலுக்கு மாற்றச் சொல்கிறார், அவரும் கேட்பாராம்.

பிறகு பூருல்சாவின் நச்சரிப்பில் துணி அலமாரியை நகர்த்தி அந்தச் சுவரோடு ஒட்டினேன். அது கோமுஸ் வாத்தியத்தின் வயிறு மாதிரி எல்லாச் சத்தத்தையும் வாங்கி இரண்டு பங்காக்கிக் கொடுத்தது. சரியென்று உங்கள் ஷிர்தக்கைச் சுவரில் அடிப்பதற்காக டிரில் மிஷினை இரவல் வாங்கினேன். சத்தம் தாங்கவில்லை என்கிற நான் அன்று போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது, டிரில் ஒயரில் பட்டு மாடிப்படி முழுக்கக் கரண்ட் போயிற்று. எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பெட்டியைக் கழற்றினார். கட்டியவர்கள் சிமெண்டை மிச்சம் பிடிக்க, இரண்டு வீட்டுக்கும் ஒரே ஓட்டை போட்டு, அந்தப் பக்கம் ஒரு பெட்டி, இந்தப் பக்கம் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பெட்டியையும் கழற்றியபிறகு நான் குனிந்து பார்த்தேன். அங்கிருந்து ரப்பியா அம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சலாம் சொல்லிக்கொண்டோம். பிளக்கை வேறு சுவருக்கு மாற்றி, ஓட்டையைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, மேலே ஷிர்தக்கை அடித்தேன். வீடு அப்படியே அடங்கிப்போயிற்று. எனக்கு நிம்மதி.

பூருல்சாவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் பகலில் வெங்காயம் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், இவள் ஷிர்தக்கின் ஓரத்தைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். என் சாந்தை ஸ்பூனால் சுரண்டி எடுத்திருக்கிறாள்.

"சும்மா இருங்க. மாமியா கடைக்குப் போயிருக்கா. இப்பத்தான் மீரிம் பாடுவா."

பாடினாள், சம்பந்தி. சின்னக் குரல்தான். பாட்டு முடிந்ததும் பூருல்சா ஸ்பூனால் சுவரில் இரண்டு தட்டு தட்டினாள், அந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டு தட்டு வந்தது. சத்தம் தாங்கலைன்னு நீதானே உயிரை வாங்கினே என்று கேட்டேன்.

"ஆமா, சொன்னேன். நாம அடைச்சுட்டா அவ அழாம இருந்துடுவாளா?" என்றாள். ஸ்பூனைத் துடைத்து வைத்துவிட்டு, "நம்ம பொண்ணு அழுதா எந்தச் சுவத்துக்குங்க கேக்கும்? அங்க பக்கத்துல இருக்கறது மலைதானே" என்றாள்.

நான் உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பந்தியம்மா தங்கமானவர். கல்யாணத்தன்று நீங்கள் என் தோளில் கைபோட்டு, எங்க வீட்ல யாரும் குரல உசத்தி நான் கேட்டதே இல்ல என்று சொன்னீர்கள், நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் ஃபோன் செய்தால் முதலில் சம்பந்தியம்மா எடுக்கிறார், பிறகு என் மகள் வந்து, நல்லா இருக்கேன்பா என்கிறாள். எப்போதும் அதே வார்த்தை, அதே குரல். ஆயுசெல்லாம் டிராலிபஸ் ஓட்டியவன் நான், கதவு மூடுகிறது என்று அறிவிக்கும் பதிவுக் குரல் எனக்குத் தெரியும். என் மகள் அப்படிப் பேசுகிறவள் அல்ல, வாயாடி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று முழு வழியும் என் காதைத் தின்றவள். கல்யாணமாகி முதல்முறை பிறந்தவீட்டுக்கு அனுப்பும் சடங்கு இன்னும் நடக்கவில்லை. ஆடு குட்டி போடட்டும் என்றீர்கள், புல் அறுக்கட்டும் என்றீர்கள், உருளைக்கிழங்கு தோண்டட்டும் என்றீர்கள், இப்போது கணவாயில் பனி என்கிறீர்கள். எல்லாம் நியாயம்தான். எனக்கு அவள் நினைப்பாகவே இருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் கம்பளத்தை மறக்காமல் அனுப்பவும், அவசரமில்லை. இந்தத் தடவை ஓட்டையை நன்றாக அடைத்து, ஷிர்தக்கின் மேலேயே அதையும் அடித்துவிடுகிறேன், பூருல்சாவும் பழகிக்கொள்வாள். உங்கள் கூடாரத்தின் உச்சி உயர்ந்தே இருக்கட்டும், மந்தை பெருகட்டும், அடுப்பு அணையாமல் இருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் மரியாதை. பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தோக்தோனாலி

பின்குறிப்பு: கம்பளம் அனுப்ப வேண்டாம். அதற்கும் சாந்துக்கும் என்று வைத்திருந்த பணத்தில் உங்களுக்கு ஒரு காது மிஷின் வாங்கிவிட்டேன், எசென் தரும் பொட்டலத்தில் குதிரைக்கறித் தொத்திறைச்சிக்கு அடியில் இருக்கிறது. குல்லாவை இறக்கிவிட்டால் வெளியே தெரியாது. அதை மாட்டிக்கொண்டு உங்கள் வீட்டிலேயே, அடுப்படிப் பக்கமாக, எப்போதும்போல் சும்மா உட்கார்ந்திருங்கள். அதற்குமேல் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எசென் இரண்டு நாள் கழித்து பிஷ்கெக்குக்குத் திரும்புகிறான், முன்சீட்டை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும், மிஷின் வேலை செய்கிறது என்று வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்.