காப்புக் கட்டிய பெல்ட்

பழுகாமத்துத் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்து உழவு மெஷின் பெட்டியில் ஏறி வந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து முச்சக்கர வண்டி பிடித்து வந்தார்கள். கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, தோணிக் கயிறு என்று ஆளுக்கொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லாம் மந்திரக் கட்டுக்காரர் கோணாமலையிடம் காப்புக் கட்டிக்கொள்ளத்தான்.

காப்புக் கட்டினால் கயிறு அறாதாம். கோணாமலை சொன்னார், ஊர் தலையாட்டியது. தலை இருப்பது ஆட்டுவதற்குத்தானே!

வினை தொடங்கியது ஒரு ஸ்ட்ரெச்சரால். போன வெள்ளத்துக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் சிலர் ஊர் மீட்புக் குழுவுக்கு அதைக் கொடுத்தார்கள். மாடியிலோ கிணற்றிலோ அகப்பட்டவரை அதில் கிடத்தி, நாலு மூலையிலும் நாலு பெல்ட் மாட்டி, கயிற்றில் தூக்கலாம், இறக்கலாம். கொடுத்தவர்கள் பாடமும் சொல்லிப் போனார்கள். ஆள் ஏறுமுன் தையலைப் பார், இறங்கிய பிறகும் பார். வெயிலில் போடாதே. எண்ணெய் படவிடாதே. கொளுக்கி பூட்டியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்.

குழுத் தலைவர் சாமித்தம்பிக்கு இது பெருந்தொல்லை. ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பதென்றால் மனிதனுக்கு வேறு வேலை இல்லையா? ஒரே தரத்தில் முடிகிற பாதுகாப்பு வேண்டும். அதற்குத்தான் கோணாமலை இருந்தாரே!

அவர் பெல்டுகளுக்கு நெய் பூசினார். தையல் இருந்த இடத்தையெல்லாம் மஞ்சள் துணியால் சுற்றி, நூலால் வரிந்து கட்டினார். தன் கொட்டிலிலேயே வைத்துக்கொண்டார். கோயிலில் காப்புக் கட்டினால் சடங்கு முடியுமட்டும் அவிழ்க்கக் கூடாது. இது எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோயிலில் இருந்த வழக்கத்தைத் தூக்கிவந்து பெல்டில் மாட்டினார்கள். அவிழ்த்தால் குற்றம். அவிழ்க்காவிட்டால் தையல் தெரியாது. தையல் தெரியாவிட்டால் பழுது தெரியாது. தெரியாத பழுது இல்லாத பழுது! எவ்வளவு லேசாகப் போய்விட்டது.

முணுமுணுத்தவர்களுக்கு அற்புதமும் காட்டினார். காப்பில்லாத புதுக் கயிற்றில் ஒரு மூட்டை நெல்லைத் தொங்கவிட்டார். படாரென்று அறுந்தது. காப்புக் கட்டிய மீட்புக் கயிற்றில் அதே மூட்டை. அசையவில்லை. ஆட்களைத் தூக்கவென்றே செய்த கயிறு ஒரு மூட்டை நெல்லைத் தூக்கியதற்கு ஊரே அரோகரா போட்டது. அறுந்த கயிற்றைத் தாங்கியின் காலில் கட்டிக் காட்சிக்கு வைத்தார். அவருடைய உண்டியலுக்கு ஓய்வில்லாமல் போயிற்று.

இப்போது பயிற்சி நாள். நோயாளியாகப் படுக்கப் போகிறவன் உதயரூபன், வட்டையில், அதாவது வயலில், வேலை செய்கிற வாட்டசாட்டமான ஆள். தாங்கியின் உச்சிமட்டும் ஏற்றி இறக்குவார்களாம். மாப்பிள்ளை மாதிரிப் புதுச் சாரம் உடுத்து வந்திருந்தான். கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றாள் அவன் பெண்சாதி சுலோஜனா.

"இவரத் தூக்கிற பெல்ட ஆரு பாத்த?" என்றாள்.

"காப்புக் கட்டிக் கிடக்கு கா. பாக்கத் தேவையில்ல" என்றார் சாமித்தம்பி.

அந்நேரம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார் காத்தான்குடி உசனார், ஊர் ஊராகக் கயிறு விற்கிறவர். அற்புதம் நடந்ததிலிருந்து அவர் கயிற்றை ஒருவரும் தொடுவதில்லை.

"இது நான் வித்த கயிறு. ஒரு மூட்டைக்கு அறுந்திச்சாமே! எங்க பாப்பம்" என்று தொங்கிய நுனியைப் பிடித்தார். "அல்லாவே! பாதி கத்தி வெட்டின வாய், பாதிதான் பிஞ்ச வாய். இஞ்ச வந்து பாருங்க!"

"தள்ளி நில்லுங்க, உசனார் நானா. அதில கண்ணூறு கிடக்கு" என்றார் கோணாமலை.

"கண்ணூறு கத்தி எடுத்துக்கிட்டா வாற?"

சுலோஜனா திரும்பினாள். "அந்தத் துணிய அவிழுங்க. தையலப் பாப்பம்."

"அவிழ்க்க ஒண்ணா. குடும்பத்துக்கு ஆகாது" என்றார் கோணாமலை.

"சும்மா இரி புள்ள, சனம் பாக்குது" என்றான் உதயரூபன்.

"சனம் உங்களப் பாக்குது. பெல்டத்தான் ஒருத்தரும் பாக்கல்ல. செரி, அவிழ்க்க வேணாம். இவர்ர பாரத்துக்கு மண் மூட்டைய முதல்ல ஏத்துங்க."

கோணாமலையின் முகம் கறுத்தது. "மண்ணுக்கு நம்பிக்கை இல்ல. நம்பிக்கை இல்லாததக் காப்புத் தாங்காது."

"அண்டைக்கு நெல்லுக்கு இருந்திச்சோ?"

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான்.

"அப்ப நீங்க ஏறுங்க. உங்களுக்கு இல்லாத நம்பிக்கையா?" என்றாள் சுலோஜனா.

"கட்டினவன் ஏறப்படாது. விதி."

"ஆரு போட்ட விதி?"

கோணாமலை மந்திரம் சொல்லத் தொடங்கினார். சுலோஜனா குழந்தையை உசனாரின் கையில் கொடுத்தாள். போய் ஸ்ட்ரெச்சரின் நடுவில் குந்திக்கொண்டாள். "மண் வருமட்டும் எழும்ப மாட்டன்."

மண் வந்தது. மூட்டைகளை ஸ்ட்ரெச்சரில் வரிந்து கட்டினார்கள். சனத்தைத் தூர விலக்கினாள். ஆட்கள் கயிற்றை இழுக்க, ஸ்ட்ரெச்சர் வீட்டு முகடு உயரத்துக்குப் போனது. கோணாமலை மந்திரத்தைக் கூட்டினார். இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள். தலைமாட்டுப் பெல்ட் ஒன்று 'டப்' என்றது. அதன் சோடியும் விட்டது. ஸ்ட்ரெச்சர் தலைகீழாகத் தொங்க, கட்டிய கயிற்றை உருவிக்கொண்டு மூட்டைகள் வந்து விழுந்து வெடித்தன. உதயரூபன் அந்த மண்ணைப் பார்த்தான். பிறகு புதுச் சாரத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

யாரையும் கேட்காமல் மஞ்சள் துணியை உரித்தாள் சுலோஜனா. உள்ளே எலிப் புழுக்கை. தையல் முழுக்க எலி அரித்த தும்பு. மற்ற இரண்டு பெல்டிலும் பாதித் தையல்தான் மிச்சம். நெய் பூசினால் எலி வரும். துணி சுற்றினால் வந்தது தெரியாது. காப்பு தன் வேலையைச் செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். எலியை நன்றாகக் காத்திருக்கிறது.

"இது... அடுத்த ஊரான் ஏவின எலி!" என்று கத்தினார் கோணாமலை.

வெட்கக்கேடு, அதற்கும் நாலைந்து தலைகள் ஆடத் தொடங்கின.

"அப்ப உங்கட காப்ப விட அவன்ட எலி பெரிசு. இனி எலியக் கும்பிடுறம், நீங்க போங்க" என்றாள் சுலோஜனா.

கூட்டம் சிரித்தது. சிரித்த பிறகுதான் கோபம் வந்தது. உண்டியலைத் தூக்கப் போன கோணாமலையின் கையைச் சாமித்தம்பியே பிடித்தார். உசனார் கத்தி கொடுக்க, இன்னொருவன் எடுத்து மாட்டாதபடி நாலு பெல்டையும் துண்டாக வெட்டிப் போட்டாள் சுலோஜனா.

கும்பிட வேண்டியவர்கள் கும்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. கும்பிட்டு முடிந்ததும் அந்தக் கையை இறக்கி, தையலையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். அதற்கு மந்திரம் தெரியத் தேவையில்லை. விரலும், கொஞ்சம் மூளையும் போதும்.